பட்டியலும் ஓர் அமானிதமே


ஜகாத் பெறுவோர் பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறோம். 1990களில் அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பெயர் நீக்கிய மருத்துவப் பட்டியலை கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய 3 விவரங்களை வைத்தே மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவக் குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். நம் எரியோட்டில் தெருவும் வயதும் சொன்னாலே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஆகவே பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். பெயர்கள் ஒரே நோட்டில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். கூட்டத்தில் வரிசை எண்ணை மட்டும் வாசிப்போம். கணினியில் வைத்தால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவோம். ஆதார் நகல் தேவைப்பட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் நகலே போதும்.

கை நீட்டி வாங்குபவரின் மானம் நம்மிடம் உள்ள அமானிதம். அதைக் காக்க அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.