தேடினால் கிடைக்காத ஊர்

நேற்று வரை பெயரைத் தட்டியதும் திரையில் வந்து நின்ற ஊர் இன்று வரவில்லை. "பதிவு இல்லை" என்கிறது கணினி. பட்டா பார்க்கும்போதும் வாக்காளர் பட்டியலில் பெயர் தேடும்போதும் இப்படி நேரலாம். உடனே நாம் சொல்வது, "சர்வர் டவுன்!" அதை அவ்வளவு அவசரமாகச் சொல்லக் கூடாது என்பதே என் வாதம். சர்வர் படுத்துவிட்டால் எந்த ஊருமே வராது. விழுப்புரம் வருகிறது, திண்டிவனம் வருகிறது, திருக்கோவிலூர் மட்டும் வரவில்லை என்றால், கிடைக்கிற பெயருக்கும் கிடைக்காத பெயருக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்க வேண்டும். காரணம் அங்கேதான் இருக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது மாவட்டத்தை. தென்னார்க்காடு 1993இல் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. திருக்கோவிலூர், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை எல்லாம் அதனுடன் போய்விட்டன. பழைய பழக்கத்தில் விழுப்புரம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் ஊர் எப்படி வரும்? வாக்காளர் பட்டியலிலும் இதே கதைதான். 2008 மறுசீரமைப்பில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து விழுப்புரம் தொகுதி வந்தது. மயிலம், விக்கிரவாண்டி சட்டமன்றத் தொகுதிகள் புதிதாய் முளைத்தன. 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் மயிலம் தொகுதி என்று தேடுகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பதிவு அங்கேயே இருக்கிறது. அதன் விலாசம்தான் மாறியிருக்கிறது.

மாவட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் திருக்கோவிலூர் வரவில்லையா? அப்படியானால் எழுத்தைப் பார்க்க வேண்டும். நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிதானமாகக் கேளுங்கள். 'கோ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் அந்தச் சமத்தை மென்பொருள்தான் செய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் அதற்கு இவை இரு வேறு சொற்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முன் பலவித எழுத்துருக்களில் தட்டச்சான ஆவணங்களை மாற்றும்போது கொம்பும் காலும் தனித்தனியாகவே தங்கிவிடலாம். நேற்று வரை இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்த ஒரு படி, புதிய பதிப்பில் விடுபட்டுப்போனால், தேடல் திடீரென்று பழுதாகும். சோதிப்பவர் விழுப்புரம், திண்டிவனம் என்று தட்டிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். அந்த இரண்டு பெயரிலும் ஓகாரமே கிடையாதே! கோலியனூரைத் தட்டியிருந்தால் குட்டு உடைந்திருக்கும். இதை உறுதிசெய்வது எளிது. பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேட முடிந்தால், 'லியனூர்' என்று மட்டும் தட்டுங்கள். அதற்கு ஊர் வந்து, கோலியனூர் என்று முழுதாகத் தட்டினால் வராவிட்டால், குற்றவாளி முதல் எழுத்து. பிறகு, வந்த பதிவிலிருந்தே பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அப்போது வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

"எதற்கு இத்தனை ஆராய்ச்சி? ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுமே" என்று சிலர் கேட்பார்கள். சில பழுது அதில் தீரும், உண்மைதான். ஆனால் கொம்பும் காலும் பிரிந்து கிடப்பது எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அப்படியே கிடக்கும். "நேற்று மென்பொருளை மாற்றினார்கள், ஆகவே அதுதான் காரணம்" என்ற முடிவும் அவசரமானதே. மாற்றியதைத் திரும்பப் பெற்று, பழுது நீங்குகிறதா என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்லலாம். "இதெல்லாம் பொறியாளர் வேலை, நமக்கென்ன?" என்ற கேள்வியும் வரும். பொறியாளருக்குத் துப்புக் கொடுக்க வேண்டியவர் தேடியவர்தானே?

ஆகவே, இ-சேவை மையத்துக்குப் போகும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன தட்டினீர்கள், எந்தப் பெயர் வந்தது, எது வரவில்லை, எந்த நாளிலிருந்து வரவில்லை என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு இருந்தால் பழுதைச் சரிசெய்கிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.