திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்ச்: பிபாவும் சீனத் தோல்பாவையும்

இந்த எபிசோடை மட்டும் ஹெட்ஃபோன்ல கேளுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல பாதி சத்தம் காணாமப் போயிடும்.

பிபா. பீப்பா இல்ல, பிபா. சீனாவோட நாலு கம்பி வாத்தியம். பேரிக்காயைப் பாதியா வெட்டின மாதிரி உடம்பு. மத்திய ஆசியாவுல இருந்து பட்டுப் பாதை வழியா வந்தது. 'பி'ன்னா கம்பியை வெளிப்பக்கம் தள்ளி மீட்டுறது, 'பா'ன்னா உள்பக்கம் இழுத்து மீட்டுறது. பேர்லயே யூசர் மேனுவல் இருக்கு. டாங் வம்ச காலத்துல கிட்டார் மாதிரி படுக்க வச்சு, மீட்டுகோலால வாசிச்சாங்க. பிறகுதான் மடியில நிமிர்த்தி வச்சு விரலால வாசிக்கிற பழக்கம் வந்தது. பட்டுக் கம்பி இருந்த இடத்துக்கு இருபதாம் நூற்றாண்டுல ஸ்டீல் வந்துடுச்சு. அதனால இப்ப விரல்கள்ல செயற்கை நகத்தை டேப் சுத்தி ஒட்டிக்கிறாங்க.

[ஒலித்துணுக்கு]

இப்ப நீங்க கேட்டது ஒரு போர். கி.மு. 202ல லியு பாங் படை, சியாங் யூவைச் சுத்தி வளைச்ச கதை. பாட்டோட பேருக்கு 'பத்துத் திசையிலும் பதுங்கிய படை'ன்னு அர்த்தம். நமக்கு எட்டுத் திக்கு, அவங்க மேலயும் கீழயும் சேர்த்துக்கிறாங்க. ரெண்டு கம்பியைப் பின்னி இழுத்து, வாள் உரசுற சத்தம் வரவைக்கிறாங்க. அதுவும் ஒரே ஆள்!

சரி, மேட்டருக்கு வர்றேன். வூ மான்னு ஒரு பிபா கலைஞர், 1963ல பிறந்தவங்க. ஹுவா மலை அடிவாரத்துல, ஷான்ஷி மாகாணத்துல ஹுவாயின்னு ஒரு ஊர். அங்க சாங் குடும்பம் தலைமுறை தலைமுறையா வெளியாளுக்குச் சொல்லித்தராம வச்சிருந்த 'லாவோச்சியாங்'ங்கிற பாவைக்கூத்து இசையை வூ மான் தேடிப் போனாங்க. 2009ல நியூயார்க் கார்னகி ஹால் மேடையில அந்தக் குழுவை ஏத்தினாங்க.

ரெக்கார்டிங்கைப் பார்த்துட்டு நான் மிரண்டுட்டேன். கத்துறாங்க. பாட்டுன்னு சொல்ல வாய் வரல, வயக்காட்டுல அடுத்த வரப்புல நிக்கிறவனைக் கூப்பிடுற குரல். சந்திரன் மாதிரி வட்டமான ஒரு வீணை கூடவே ஓடுது. உச்சக்கட்டத்துல ஒருத்தர் எழுந்து, மர பெஞ்சைச் சாய்ச்சுப் பிடிச்சு, மரக்கட்டையால 'டமால் டமால்'னு அடிக்கிறார். அது வாத்தியம்தான், உட்காரவும் அதேதான்.

இங்கதான் எனக்கு ஒரு சிக்கல். பழைய முறைப்படி பார்த்தா அந்த பெஞ்ச் அண்ணன் யார் கண்ணுலயும் படக்கூடாது. அஞ்சு பேர் திரைக்குப் பின்னால நெருக்கியடிச்சு உட்கார்ந்து, ஒருத்தர் பாட, ஒருத்தர் பாவையை ஆட்டுவார். மாட்டுத்தோலை ஒளி ஊடுருவுற அளவுக்குச் சீவி, செதுக்கி, சாயம் ஏத்தி, கழுத்துக்கு ஒரு குச்சி, கைகளுக்கு ரெண்டு குச்சின்னு கட்டின பாவை. ஊர் பார்க்கிறது அந்த நிழலை மட்டும்தான். நான் வேலை பார்க்கிறது பேக்எண்ட். எல்லாம் ஒழுங்கா ஓடினா நான் இருக்கிறதே யாருக்கும் தெரியாது. அந்த அஞ்சு பேரும் அப்படித்தான்.

டிவியும் சினிமாவும் வந்து கூட்டம் குறைஞ்ச பிறகு, திரையை எடுத்துட்டு அவங்களே முன்னால வந்து பாடினாங்க. 2006ல பெய்ஜிங்ல ஒரு பெரிய நாடகத்துலயும் அப்படிப் பாடினாங்க. செம வரவேற்பு. சீனப் பாவைக்கூத்து 2011ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. ஆனா பெஞ்ச் அண்ணனுக்குக் கைத்தட்டல் விழுற நிறைய மேடைகள்ல பாவைகளே கிடையாது.

அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. பாட்டு பிழைச்சிருக்கு, வீட்டுல அடுப்பு எரியுது. இருந்தாலும் வூ மான் குழுவோட ஷோவுல திரையும் கூடவே போச்சுங்கிறதுதான் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது.

நேத்து ராத்திரி அந்த வீடியோவைத் திரும்பப் போட்டேன். பெஞ்ச் பக்கம் பார்க்கவே கூடாதுன்னு முடிவு பண்ணி, திரையை மட்டும் பார்த்தேன். குதிரை மேல ஒரு உள்ளங்கை அகல வீரன். டமால்னு விழுந்த அடி, அவன் ஈட்டியில இருந்து வந்த மாதிரியே இருந்துச்சு.