பைக்ல போறவங்க கவனத்துக்கு: வழிப்பறி பத்தி வார்டு கூட்டத்துல பேசினது

(வார்டு இளைஞர் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



மேடையில பேசுறவங்க கடைசியா "ஹெல்மெட் போட்டுட்டு பத்திரமா வீடு போய்ச் சேருங்க"ன்னு சொல்லி முடிப்பாங்க. ஆனா நம்ம கூட்டம் முடியறதே ராத்திரி பத்தரை, பதினொன்னு. அப்புறம் டீ. அப்புறம் ஒவ்வொருத்தரா தனியா வண்டியை எடுத்துட்டு கிளம்புறோம். ஹேண்டில்ல போன், சட்டைப் பாக்கெட்ல வசூல் பணம், சில சமயம் பின்னாடி அம்மாவோ அக்காவோ, கழுத்துல செயின். இந்த நேரத்துல நம்மகிட்ட இருந்து யார் என்ன பறிக்க முடியும்னு நாம யோசிக்கிறதே இல்ல. இன்னைக்கு அதைப் பத்தி மட்டும் பேசுறேன்.

முதல்ல செயின். 2025 மார்ச் 25ஆம் தேதி காலையில சென்னையில நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். திருவான்மியூர், கிண்டி, சைதாப்பேட்டை பக்கம் சுமார் ஒரு மணி நேரத்துல ஆறு இடத்துல செயின் அறுத்தாங்க. அன்னைக்கே ரெண்டு பேரை விமான நிலையத்துல, ஃபிளைட் ஏறப் போற நேரத்துல பிடிச்சாங்க. இதுல நாம கவனிக்க வேண்டியது அவங்க பயன்படுத்தின கருவி. ஒரே ஒரு பைக். ஒருத்தன் ஓட்டுவான், இன்ஜினை அணைக்கவே மாட்டான். பின்னாடி இருக்கிறவன் கைதான் வேலை செய்யும்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன், அதனால ஒரு சின்ன கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் நகரும். கழுத்துல கை பட்டுச்சுன்னு உங்களுக்கு உறைக்கிறதுக்குள்ள அவன் ரெண்டு கார் நீளம் தாண்டியிருப்பான். துரத்திப் பிடிக்கலாம்னு நினைக்கிறதெல்லாம் சினிமா.

இதை விட முக்கியமான விஷயம், ஸ்கூட்டி ஓட்டிட்டு இருக்கிற அக்கா கழுத்துல இருந்து இழுத்தா உடம்பு அந்தப் பக்கம் சாயும், ஹேண்டில் திரும்பும், வண்டி விழும். பின்னாடி லாரியோ பஸ்ஸோ வந்தா அப்புறம் நகையைப் பத்திப் பேச ஆள் இருக்காது. அதனால இழுத்தா விட்டுடுங்க. ரெண்டு கையும் ஹேண்டில்லயே இருக்கட்டும். செயினைப் பிடிக்கக் கை தானா எழும்பும், அது இயல்பு. வீட்டுல இருக்கிற பெண்கள்கிட்ட இதை முன்னாடியே பேசி வைங்க. முன்னாடி யோசிச்சு வெச்சிருந்தாதான் அந்த நொடியில கை அடங்கும்.

தாலிச் செயினைக் கழட்டி வெச்சுட்டுப் போங்கன்னு நான் சொல்ல வரல. அதைச் சொல்ல நான் யாரு? துப்பட்டாவையோ ஷாலையோ கழுத்தைச் சுத்திப் போட்டு, முனையை நல்லா செருகிட்டு, அதுக்கு மேல ஹெல்மெட் பட்டையை மாட்டினா செயின் வெளியே தெரியாது. வெளியே தெரியாத நகையைத் தேடி எவனும் வர்றதில்ல. சில பேர் ஜாக்கெட்டோட சேர்த்து ஊக்கு குத்தி வெச்சுக்குவாங்க. நடந்து போகும்போது சரி. வண்டியில போகும்போது, அறுந்து போக வேண்டிய செயின் அறுபடாம ஆளையே இழுத்துட்டு வரும். எனக்கு அது பயமாத்தான் இருக்கு.

அடுத்தது போன். நம்ம அணியில இருக்கிறவங்க கொஞ்சம் கூடுதலா கேளுங்க.

மேப் பார்க்க ஹேண்டில்ல ஸ்டாண்ட் மாட்டி வெச்சிருப்போம். உணவு டெலிவரி பண்ற தம்பிகளுக்கு அது இல்லாம பொழப்பே இல்ல. சிக்னல்ல நிக்கும்போது அதுதான் பறிக்க வசதியான போன். லாக் திறந்திருக்கும், திரை எரிஞ்சுட்டு இருக்கும், உங்க ரெண்டு கையும் கிளட்ச்லயும் பிரேக்லயும் இருக்கும். பறிச்சவன் கையில கிடைக்கிறது போன் மட்டும் இல்ல. உங்க மெசேஜ், மெயில், வாட்ஸ்அப், எல்லாமே திறந்த வீடு மாதிரி கிடைக்குது. நம்ம ஆளுங்க போன்ல பூத் கமிட்டி பட்டியல் இருக்கு, வார்டு மக்கள் பேரும் நம்பரும் இருக்கு, பக்கத்தோட அட்மின் லாகின் இருக்கு. நம்மளை நம்பி நம்பர் குடுத்த ஜனங்களோட விவரம் அது. போன் போனா என் காசுதானே போச்சுன்னு விட முடியாது.

அதனால இந்தப் பதிவைப் படிச்சதும் மூணு வேலை பண்ணுங்க. ஆண்ட்ராய்டு போன்ல திருட்டு கண்டறியும் லாக்னு ஒரு வசதியை 2024ல கூகுள் கொண்டு வந்துச்சு. யாராவது வெடுக்குன்னு பிடுங்கிட்டு ஓடுற அசைவை போன் உணர்ந்தா திரையைப் பூட்டிடும். ஆண்ட்ராய்டு 10, அதுக்கு மேல உள்ள பெரும்பாலான போன்ல கிடைக்கும். செட்டிங்ஸ்ல 'தெஃப்ட்'னு தேடுங்க, ஆன் பண்ணுங்க. ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன்'னு தனியா இருக்கு.

ரெண்டாவது சிம் பின். இதை நம்மள்ல பத்துக்கு ஒம்பது பேர் போட்டிருக்க மாட்டாங்கன்னு தைரியமா சொல்லுவேன். உங்க போனை எவ்வளவு பூட்டினாலும், சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அங்கே போகும். சிம் பின் போட்டுட்டா அது நடக்காது. தப்பான நம்பரை மூணு தடவை அடிச்சா சிம் பூட்டிக்கும், திறக்க கம்பெனிகிட்ட பக் நம்பர் வாங்கணும். அதனால நம்பரை ஞாபகம் வெச்சுக்குங்க. மூணாவது வேலையைக் கடைசியில சொல்றேன்.

ஓட்டும்போது போன் வந்தா ஓரமா நிறுத்துங்க. வெளிச்சம் இருக்கிற இடமா, டீக்கடை, பெட்ரோல் பங்க், மருந்துக்கடை வாசலா நிறுத்துங்க. மேம்பாலத்துக்கு அடியில இருட்டுல நிறுத்திட்டு "எங்கடா இருக்க"ன்னு கத்திக்கிட்டு நிக்காதீங்க. பையை ஸ்கூட்டர் முன் கொக்கியில மாட்டாதீங்க. சிக்னல்ல பக்கத்துல நிக்கிறவன் அலேக்காத் தூக்கிட்டுப் போயிடுவான். சீட்டுக்கு அடியில வைங்க.

பேங்க்ல பணம் எடுத்தவங்களுக்கு மட்டும் சீட்டுக்கு அடியிலயும் வேண்டாம். கல்யாணச் செலவு, நகை மீட்ட பணம், சீட்டுப் பணம், இதையெல்லாம் டிக்கியில போட்டுட்டு வழியில டீ குடிக்க இறங்குவோம். பேங்க் வாசல்லயே ஒருத்தன் நோட்டம் பார்த்திருப்பான். நீங்க இறங்கற வரைக்கும் பின்னாடியே வருவான். இல்லைன்னா அவனே உங்களை இறக்குவான். "அண்ணே, பின் டயர்ல காத்து இல்ல", "சார், உங்க பணம் கீழே விழுந்து கிடக்கு", "சட்டையில ஏதோ அசிங்கம் பட்டிருக்கு பாருங்க." பேப்பர்ல 'கவனத்தை திசைதிருப்பி'ன்னு போடுறாங்களே, அது இதுதான். ரொம்பப் பழைய தந்திரம், இன்னும் வேலை செய்யுது. பணம் எடுத்தா வழியில எங்கேயும் நிக்காம நேரா வீட்டுக்குப் போங்க. டயர்ல நிஜமாவே காத்து இல்லைன்னாலும் மெதுவா அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டலாம். டயர் போனா போகுது.

வயசான அம்மாக்களுக்கு இன்னொரு தந்திரம். சஃபாரி டிரஸ்ல ஒருத்தன், "போலீஸ்மா, முன்னாடி தெருவுல கொலை நடந்திருக்கு, நகையைக் கழட்டி பேப்பர்ல மடிச்சுப் பையில வைங்க"ம்பான். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிச்சா உள்ளே கல்லு. எந்த போலீசும் நடுரோட்டுல நகையைக் கழட்டச் சொல்ல மாட்டாங்க. இதை உங்க வீட்டு ஆயாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.

கத்தியைக் காட்டினா? குடுத்துடுங்க. போன், பர்ஸ், வண்டிச் சாவி, எல்லாத்தையும். பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல தனியா போறவங்களை மறிக்கிறது நடக்குது. அங்கே வீரம் காட்ட வேண்டாம். பைக் கம்பெனி தினமும் ஆயிரக்கணக்குல வண்டி தயாரிக்குது. கிளம்பும்போது ரெண்டு மூணு பேரா சேர்ந்து கிளம்புங்க. கடைசியா வீடு சேர்றவர் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க. அது போதும்.

இப்போ வண்டித் திருட்டு. இதை நிறைய பேர் தனிக் கதைன்னு நினைக்கிறோம். இல்ல. செயின் அறுக்கிறவன் சொந்த வண்டியில வர்றது அபூர்வம். நேத்து யார் வீட்டு வாசல்லயோ தூக்கினது இன்னைக்கு அடுத்த தெருவுல செயின் அறுக்கப் பயன்படுது. சிசிடிவியில பதிவாகிற நம்பரை வெச்சு போலீஸ் முதல்ல வர்றது வண்டி ஓனர் வீட்டுக்குத்தான். வண்டி காணாமப் போனா "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு இருக்காதீங்கன்னு சொல்றது இதுக்காகத்தான்.

ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பாதீங்க. காலால ஓங்கி ஒரு உதை விட்டா பல வண்டியில அது உடையும். டிஸ்க் லாக்கோ வீல் லாக்கோ சில நூறு ரூபாய்தான். திறக்கவே முடியாத பூட்டுன்னு எதுவும் கிடையாது. ஆனா அவனுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆகும்னா பக்கத்து வண்டிக்குப் போயிடுவான். ஒரிஜினல் ஆர்சி புக்கை வண்டியில வைக்காதீங்க. டிஜிலாக்கர்ல இருந்தா சட்டப்படி செல்லும்.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வரி. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தா வண்டி திருடுபோனதுக்கு ஒரு பைசா வராது. முழு காப்பீடு இருந்தாலும் எஃப்ஐஆர் கேப்பாங்க, ரெண்டு சாவியும் கேப்பாங்க, வண்டி கிடைக்கலைன்னு போலீஸ் குடுக்கிற சான்றும் கேப்பாங்க. ரெண்டாவது சாவி வீட்டுல எங்கே இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.

நடந்து போச்சு. அடுத்து என்ன? 100 அல்லது 112. வண்டி நம்பர் தெரியலைன்னா பரவாயில்ல, பெரும்பாலும் அது போலி நம்பர்தான். எந்தப் பக்கம் போனான், வண்டி என்ன நிறம், பின்னாடி இருந்தவன் என்ன சட்டை, இதை உடனே சொல்லுங்க. பணம் கணக்குல இருந்து போயிருந்தா 1930க்கு அடிங்க.

அப்புறம் ஸ்டேஷன். நம்ம பகுதியில ஒரு தம்பி, டெலிவரி வேலை பார்க்கிறவர், சிக்னல்ல போனைப் பறிகொடுத்துட்டு ஒரு ஸ்டேஷனுக்குப் போனார். "காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுப்பா, சீக்கிரம் வேலை முடியும்"னு சொல்லியிருக்காங்க. அவரும் எழுதிக் குடுத்துட்டார், சிஎஸ்ஆர் ரசீது வாங்கிட்டு வந்துட்டார். தோழர்களே, தொலைஞ்சதுக்கும் பறிச்சதுக்கும் வித்தியாசம் இருக்கு. தொலைஞ்சா குற்றவாளி கிடையாது, விசாரணை கிடையாது. அந்தத் தெருவுல குற்றம் நடந்ததுன்னு கணக்குலயே வராது. கணக்குல வராத தெருவுக்கு ரோந்து எதுக்கு வரும்?

2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில இருக்கு. அதுல 304வது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாவே சொல்லுது, மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. பழைய ஐபிசியில அப்படித் தனிப் பிரிவு கிடையாது. அதனால புகார்ல "பறித்துச் சென்றார்கள்"னே எழுதுங்க. சிஎஸ்ஆர் புகார் குடுத்ததுக்கான ரசீது மட்டும்தான், அது எஃப்ஐஆர் ஆகாது. எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசமாத் தரணும். "இது எங்க லிமிட் இல்ல"ன்னு திருப்பி அனுப்ப முடியாது, எல்லை எதுவானாலும் வாங்கிப் பதிவு பண்ணணும். மின்னணு முறையில அனுப்பினா மூணு நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். மறுத்தா மாவட்ட எஸ்பிக்கோ கமிஷனருக்கோ எழுத்துல, தபால்ல அனுப்பலாம். எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம வார்டு ஆளுங்க கூடப் போய் எழுதிக் குடுங்க. சத்தம் போட வேண்டாம். பிரிவு நம்பரைச் சொல்லிப் பணிவாக் கேட்டாலே பாதி வேலை நடக்கும். சென்னையில தெருவிளக்கு எரியலைன்னா 1913க்கு சொல்லுங்க, புகார் எண்ணைக் குறிச்சு வெச்சுக்குங்க.

இன்னொன்னு. சந்தேகப்படுறவன் போட்டோவைக் குரூப்ல போட்டு "இவனைப் பார்த்தா விடாதீங்க"ன்னு பரப்புறது, "வெளியூர்க்காரன், வடக்கத்தியான்"னு சேர்த்து எழுதுறது, இதை நம்ம பக்கத்துல இருந்து யாரும் பண்ணக் கூடாது. 2018 மே மாசம் பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல வந்த வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்துல கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தை அடிச்சாங்க. ஒரு வயசான அம்மா செத்தே போனாங்க. ஃபார்வர்டு பண்ணினவங்க எல்லாம் ஊருக்கு நல்லது பண்றோம்னுதான் நினைச்சிருப்பாங்க. சிசிடிவி காட்சி கிடைச்சா போலீஸ்கிட்ட குடுங்க, குரூப்ல வேண்டாம்.

சரி, மூணாவது வேலை. போன்ல *#06# அடிங்க. பதினஞ்சு இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர். போன் பறிபோனா புகார் நகலோட சஞ்சார் சாத்தி தளத்துல இந்த நம்பரைக் குடுத்தா, எந்த சிம் போட்டாலும் நெட்வொர்க் கிடைக்காத மாதிரி நாடு முழுக்க முடக்கலாம். திரும்பக் கிடைச்சா அங்கேயே முடக்கத்தை எடுத்துடலாம். நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வெச்சுக்காதீங்க, போனோட அதுவும் போயிடும். வீட்டு ரேஷன் கார்டு கவர்ல ஒரு சீட்டுல எழுதி வைங்க. தயவு செஞ்சு கமெண்ட்ல போட்டுடாதீங்க.