அணையில் நீர் குறைந்தால் மீன் என்ன ஆகும்?

(வளர்கல்வி மையம் ஒன்றில் மீனவர்களிடையே ஆற்றிய உரை)



அணை வற்றினால் யாருக்குக் கவலை? உழவருக்கு மட்டுமா? பரிசலில் போய் வலை வீசிப் பிழைப்பவருக்கும்தான்.

மேட்டூர் அணையை எல்லோருக்கும் தெரியும். அது 1934ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும். அப்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலை வெளியே தெரியும். அதைப் பார்க்க மக்கள் கூடுவார்கள். ஆனால் நீருக்குள் மீன் படும் பாட்டை யார் பார்க்கிறார்கள்?

மீனுக்கும் மூச்சு வேண்டும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அது செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. அண்டா நிறைய நீரை வெயிலில் வையுங்கள். தாம்பாளத்தில் கொஞ்சம் நீரையும் வையுங்கள். எது முதலில் சூடாகும்? தாம்பாளத்து நீர்தான். வற்றிய அணையும் அப்படித்தான். நீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும். இருக்கும் கொஞ்ச இடத்தில் மீன்களும் நெருக்கியடிக்கும்.

பாசி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தட்டுப்பாடு அதிகம். அந்த நேரத்தில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவை விளையாடவில்லை. மூச்சுக்குத் தவிக்கின்றன. விரால் மீன் வெளிக்காற்றையும் சுவாசிக்கும். அதனால் அது தாக்குப்பிடிக்கும். மற்றவை செத்து மிதக்கும்.

முட்டைகளுக்கும் ஆபத்து உண்டு. சாதாக் கெண்டை கரையோரச் செடிகளில் முட்டையை ஒட்டவைக்கும். நீர் சட்டென்று இறங்கினால் முட்டைகள் காய்ந்துபோகும். கட்லாவும் ரோகுவும் ஓடும் நீரில் முட்டையிடுபவை. ஆற்றில் வெள்ளம் வராவிட்டால் அவற்றுக்கு வழியில்லை.

நீர் இறங்குவதில் ஒரு நன்மையும் உண்டு. வெளியே தெரியும் சேற்று நிலத்தில் புல் முளைக்கும். மறுபடி நீர் ஏறும்போது அந்தப் புல் மக்கும். நுண்ணுயிர்கள் பெருகும். அவை மீன்குஞ்சுகளுக்கு இரை. ஆகவே நீர் இறங்கி ஏறுவது கெடுதல் அல்ல. மிக வேகமாக இறங்குவதும், அடிமட்டம்வரை வற்றுவதும்தான் கெடுதல்.

அந்த நேரத்தில் நாமும் ஒரு தவறு செய்கிறோம். நீர் குறைந்தால் வலை நிறைய மீன் விழும். குஞ்சுகளையும் சேர்த்து அள்ளுகிறோம். சந்தையில் விலை சரிகிறது. அடுத்த ஆண்டு வலை வெறுமையாக வருகிறது. விதைநெல்லைச் சமைத்துத் தின்ற கதைதான் இது.

“நான் விட்டால் அடுத்தவன் பிடித்துவிடுவானே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒருவர் மட்டும் கட்டுப்பாடாக இருந்தால் போதாது. சங்கமாகக் கூடி முடிவு செய்ய வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் மீன்கள் இனம்பெருக்கும் பருவத்தில் 2 மாதம் மீன்பிடிக்கத் தடை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை:

1. நீர் குறையத் தொடங்கியதுமே பெரிய மீன்களைப் பிடித்து நல்ல விலைக்கு விற்கலாம். செத்து மிதக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

2. சிறுகண் வலை வேண்டாம்.

3. குட்டைகளில் சிக்கிய குஞ்சுகளைக் காலை வேளையில் குடத்தில் எடுத்து, ஆழமான நீரில் விடலாம்.

4. செத்து மிதக்கும் மீனைத் தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது. கரைக்கு அப்பால் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மீன்வளத்துறை அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. இப்போது நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். அணையின் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. அதைப் படியுங்கள். சங்கத்து நோட்டில் தேதி, நீர்மட்டம், பிடித்த மீனின் எடை மூன்றையும் எழுதி வையுங்கள். மீன்குஞ்சு விடச் சொல்லியோ, நிவாரணம் கேட்டோ மனு கொடுக்கும்போது, “மீன் செத்துப்போச்சு” என்று வாயால் சொன்னால் போதாது. எழுதிய நோட்டைக் காட்டினால் நம் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

இன்றைக்கே முதல் வரியை எழுதுங்கள்.