இடைத்தேர்தல் எதிர்க்கட்சிக்கு ஏணியா, ஏமாற்றமா?

நடுவர் அவர்களே! "எப்படியும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், எதுக்கு நிக்கணும்?"னு எதிரணி நண்பர் கேட்டார். நான் கள்ளக்குறிச்சிக்காரன், சும்மா விடுவேனா? (சிரிப்பு)

1972 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிச்சார். ஏழே மாசம்! 1973 மே, திண்டுக்கல் இடைத்தேர்தல். மாயத்தேவர் ஜெயிச்சார். ஆளுங்கட்சிக்கு மூணாவது இடம்! (கைதட்டல்)

2024 ஜூன்ல எங்க ஊர் கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்தாங்க. குடிச்சது மெத்தனால். போலீஸ் ஊறலைத் தேடிக் கல்வராயன் மலையெல்லாம் ஏறினாங்க. சட்டசபைக்கு அ.தி.மு.க.வினர் கறுப்புச் சட்டையில வந்தாங்க. சரி. ஜூலை 10-ல விக்கிரவாண்டி இடைத்தேர்தல். 2019 வரைக்கும் நாங்களும் அதே விழுப்புரம் மாவட்டம்தான். அங்கே இரட்டை இலையே இல்லை! சாவுக்கு முன்னாடியே புறக்கணிப்புன்னு அறிவிச்சாச்சு. ஆளுங்கட்சி 67,757 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சது. ரெண்டாவது இடம் பா.ம.க.வுக்கு.

"2009-ல ஜெயலலிதா புறக்கணிச்சாங்க, 2011-ல ஆட்சிக்கு வரலையா?"ம்பீங்க. வந்தாங்க. கூட விஜயகாந்த் இருந்தாரே, அதை ஏன் முழுங்கிட்டீங்க? (சிரிப்பு)

தாலியறுத்தவ கோபத்துக்கு 2026 வரைக்கும் வாய்தாவா நடுவர் அவர்களே?