பழைய வெந்நீர்ச் சாதனத்தை மாற்றும்போது

(ஊராட்சி மன்றக் கூடத்தில் நடைபெற்ற மகளிர் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெந்நீரைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் நகைக்கக்கூடும். அதிகாலையில் எழுந்து, புறக்கடை அடுப்பை மூட்டி, தவலையில் வெந்நீர் போடுவது பெண்களின் வேலையாகவே இருந்த காலத்தில் அதைப் பற்றி எவரும் சொற்பொழிவு செய்யவில்லை என்பது உண்மையே. இப்பொழுது நம் கிராமங்களிலும் குளியலறைச் சுவரில் மின்சார ஹீட்டர் ஏறிவிட்டது. முதன்முதலில் வாங்கியவர்களின் வீடுகளில் அது முதுமையும் எய்திவிட்டது. அது கெட்டுப்போனால் அதே அளவில் வேறொன்றை வாங்கி, அதே ஆணியில் மாட்டி, அதே ஒயரில் இணைத்துவிடுவதே பொது வழக்கம். இந்த வழக்கத்தில் பணநஷ்டமும் உண்டு, உயிருக்கு அபாயமும் உண்டு. ஆதலால்தான் இதனை இன்று உங்கள் முன் எடுத்துக் கொண்டேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஹீட்டருக்குள் ஒரு தொட்டி, நீரைச் சூடாக்கும் சுருள், சூடு போதிய அளவு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட், அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு ஆகியவை உள்ளன. சுருள் கருகிவிட்டாலோ தெர்மோஸ்டாட் பழுதுற்றாலோ அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். அதற்காக முழுச் சாதனத்தையும் எறிந்துவிடச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளேயிருக்கும் தொட்டியே அரித்துக் கசியத் தொடங்கினால் அதற்கு மருந்தில்லை. பற்றவைத்து ஒட்டுவதெல்லாம் வீண் செலவு.

தொட்டி ஏன் அரிக்கிறது? பல ஹீட்டர்களில் உட்புறம் கண்ணாடிப் பூச்சுப் பூசிய இரும்புத் தொட்டியே இருக்கிறது. அதற்குள் மெக்னீசியத்தால் ஆன ஒரு தண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். இரும்பை அரிக்க வேண்டிய நீர் இந்தத் தண்டை அரித்துத் தின்னும். தண்டு கரையக் கரையத் தொட்டி பிழைத்திருக்கும். தண்டு தீர்ந்த பிறகு தொட்டியின் முறை வருகிறது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு மிகுந்த நீர் கிடைப்பதால் இந்தத் தண்டு விரைவிலேயே தீர்ந்துபோகிறது. அதே உப்பு, நீர் சூடாகும்போது வெண்மையான படிவமாகச் சுருளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஹீட்டருக்குள் கடகடவென்று ஓசை கேட்பதும், முன்னைவிட அதிக நேரம் பிடிப்பதும் இதனாலேயே. இரண்டு ஆண்டுக்கொருமுறை உள்ளே திறந்து தண்டைப் பார்த்து மாற்றினால், சாதனத்தின் ஆயுள் நீளும். இதைச் செய்யும் வீடுகள் மிகச் சில. வாங்கும்போது இதைச் சொல்லிக்கொடுக்கும் கடைகள் அதனினும் சில.

இனி அபாயத்துக்கு வருகிறேன். 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் மூன்றில் ஒரு லிட்டர் அளவு பெருகுகிறது. அந்தப் பெருக்கத்துக்கு ஒரு வழி வேண்டும். சில இணைப்புகளில் அது பாதுகாப்பு வால்வின் வழியே சொட்டுச் சொட்டாக வெளியேறும். அதைக் கண்டு, “ஒழுகுகிறது” என்று அந்த வாயை மரக்குச்சியாலோ மூடியாலோ அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. அடைத்த பின் தெர்மோஸ்டாட்டும் பழுதாகி மின்சாரம் நில்லாமல் ஓடினால், நீர் 100 டிகிரியைக் கடந்தும் அழுத்தத்தால் நீராகவே இருக்கும். தொட்டி பிளக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகும். நீராவி தான் பிறந்த நீரைப்போல ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் இடங்கொள்ளும். சுவரே இடிந்து விழுவதற்கு அது போதும். வால்வு ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்; அடைக்காதீர்கள்.

மற்றோர் அபாயம் ஒயரில் இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட மெல்லிய ஒயரும் சிறிய பிளக்கும் அதைத் தாங்கா. பிளக் கருத்திருந்தால் அது உங்களுக்கு முன்பே எச்சரிக்கை தந்துவிட்டது என்று பொருள். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், தனி ஸ்விட்சும் வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது எர்த். பல வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும். பெரிய துளையில் ஒயரே இராது! எர்த் குழி வெட்டியிருந்தும் கோடையில் மண் வறண்டு பயனற்றுப் போவதும் உண்டு. குழாயைத் தொடும்போது கையில் சுள்ளென்று உறைத்தால், அன்றே மெயினை நிறுத்தி எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்கும் குழந்தைக்கு அடுத்த முறை அது வெறும் சுள்ளென்ற உறைப்பாக இராது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் கடைகளில் கிடைக்கிறது. புதிய ஹீட்டருக்கு ஒதுக்கும் பணத்தில் முதற்செலவு இதற்கே ஆகட்டும். பணம் போதவில்லையென்றால் சிறிய ஹீட்டர் வாங்குங்கள், எர்த்திலும் ஆர்.சி.சி.பி.யிலும் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

சிறிய ஹீட்டர் போதுமா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். குளிப்பதற்கு 40 டிகிரி சூடு தாராளம். 60 டிகிரி வெந்நீர் 9 லிட்டரோடு தண்ணீர் 11 லிட்டர் கலந்தால் 20 லிட்டர் வாளி ஒன்று நிறையும். அப்படியானால் 15 லிட்டர் ஹீட்டர் ஒரே தடவையில் ஒன்றரை வாளிக்கு மேல் கொடுக்கும். ஒருவர் குளித்து முடித்து மற்றவர் வருவதற்குள் மீண்டும் சூடேறிவிடும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது போதும். பெரிதாக வாங்கி நாள் முழுவதும் ஓடவிடுவது, யாரும் குளிக்காத வெந்நீரைக் காத்துக்கொண்டிருப்பதற்குக் கட்டணம் கட்டுவதாகும்.

ஒரு வாளிக்கு ஏறத்தாழ 0.35 யூனிட் செலவாகிறது. நான்கு வாளிக்கு 1.4 யூனிட், இரண்டு மாதத்தில் 84 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016-இல் இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி அளிக்கத் தொடங்கியதை அறிவீர்கள். அதில் பெரும் பகுதியை வெந்நீர் ஒன்றே விழுங்கிவிடுகிறது. விறகின் கணக்கும் இனிமையானதன்று. சாதாரணத் திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் நீரைச் சேர்கிறது. வாளிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக விறகு வேண்டும். அதைச் சுமப்பவர்கள் யார், அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் யார் என்பதை இந்தச் சபையில் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, மொட்டை மாடி உள்ளவர்கள் பழைய ஹீட்டரை மாற்றும் சமயத்தில் சூரிய வெந்நீர்ச் சாதனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தெற்கு நோக்கிச் சாய்த்த தகட்டில் சூடான நீர் எடை குறைந்து தானே மேலேறித் தொட்டியை அடையும், பம்பு தேவையில்லை. 100 லிட்டர்ச் சாதனம் ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. ஆரம்பச் செலவு கூடுதல் என்பதை மறைப்பதற்கில்லை. உப்பு நீர் உள்ள ஊரில் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும் என்பதையும் மறைப்பதற்கில்லை. அங்கே அதற்கென அமைந்த வேறு வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழையபடி மின்சாரமோ அடுப்போதான் துணை. மரநிழல் விழும் மாடிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மின்சார ஹீட்டரே வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியீட்டையும் பாருங்கள். நட்சத்திரம் கூடக் கூட, சும்மா இருக்கும்போது வீணாகும் வெப்பம் குறையும். நீர் நிறைந்த 25 லிட்டர் ஹீட்டரைப் பழைய மண் சுவரில் வெறும் ஆணியில் தொங்கவிடலாகாது. சுவரை ஊடுருவும் போல்ட் போடச் சொல்லுங்கள். மாட்டிய பின் வெந்நீர்க் குழாயைத் திறந்து, நீர் தடையின்றி வரும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். வெறும் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் புதிய சுருள் முதல் நாளே கருகிவிடும்.

கழற்றிய பழைய ஹீட்டரில் செம்பு இருப்பதால் பழைய இரும்புக் கடையில் விலை கிடைக்கும். கொடுக்கும்போது ஒயரை வெட்டி, உள்தொட்டியில் ஒரு துளையிட்டுக் கொடுங்கள். வெளியே புதுப் பெயிண்ட் அடித்த பழைய தொட்டிகள் மீண்டும் விலைக்கு வருவதுண்டு. உங்கள் வீட்டிலிருந்து போனது அடுத்த தெருக் குளியலறைக்குப் போய்ச் சேர வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு ஹீட்டரைப் பற்றிய சந்தேகங்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை விடை கூறுகிறேன்.