பிரதி எடுத்துப் பேணுவோம்

(கினிகத்தேனையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமய விழாவிலே கணினியைப் பற்றியும் மின்னஞ்சலைப் பற்றியும் பேசுவதா என்று சில பெரியோர்கள் எண்ணக்கூடும். எழுதி வைத்ததை இழந்துவிடாமற் காப்பது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். அது நம் சமயத்துக்குப் புதியதன்று. தேவாரம் நமக்குக் கிடைத்த வரலாற்றை நினைத்துப் பாருங்கள்.

இராசராச சோழ மன்னன் மூவர் பாடல்களையும் கேட்க விரும்பினான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகள் பொல்லாப் பிள்ளையாரின் அருளால் ஏடுகள் இருக்குமிடத்தை அறிந்து கூறினார். தில்லைத் திருக்கோயிலில் அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தபோது, ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எஞ்சியது சிறு பகுதியே என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அந்த ஏடுகளை எவரும் அலட்சியமாகப் போட்டுவிடவில்லை. புனிதமான இடத்தில், பூட்டிய அறையில், பக்தியோடுதான் வைத்தார்கள். ஆயினும் ஓரிடத்தில் மாத்திரம் வைத்தார்கள். அதனால் ஒரு கரையான் கூட்டம் போதுமாயிற்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஏடுகளிற் கிடைக்காமற் போன திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்று, திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நமக்குக் கிடைத்தது. ஓலையில் அழிந்தது கல்லில் தப்பியது. யாரோ ஒரு புண்ணியவான் வேறோரிடத்தில், வேறொரு பொருளில், இன்னொரு பிரதி எடுத்து வைத்தமையால் அப்பதிகம் இன்றும் ஓதப்படுகின்றது.

இன்றைய ஏடு கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. கரையானும் வேறு உருவில் வருகிறது. நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். இலங்கை அரசாங்கத்தின் அலுவலகங்கள் பலவற்றின் மின்னஞ்சல்கள் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்னும் பொதுச் சேமிப்பிலே இருந்தன. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ரான்சம்வேர் என்னும் தீய நிரல் அதனுள் புகுந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் கொள்ளைக்கார நிரல் அது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்களும் போன கடிதங்களும் மீளவில்லை.

பிரதியே எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். பிரதி இருந்தது. ஆனால் அந்தப் பிரதியும் அதே வலையமைப்போடு இணைந்திருந்தது. எனவே மூலத்தைப் பூட்டிய நிரல் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. இணைப்பு அறுத்துத் தனியே வைத்த பிரதி அந்த மூன்று மாதங்களுக்கும் இல்லை. மின்னஞ்சலை நடத்திய மென்பொருளும் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. இனி நாள்தோறும் இணைப்பில்லாத பிரதி எடுக்கப்படும் என்று பின்னர் அறிவித்தார்கள்.

இது நம் போன்ற சிறிய நாட்டுக்கு மட்டும் நேர்வதன்று. தொழில்நுட்பத்திற் பேர்பெற்ற தென்கொரியாவிலே, 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி, டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த களஞ்சியம் எரிந்து போயிற்று. அதிலிருந்தது 858 டெராபைட். வேறிடத்தில் அதற்குப் பிரதி இல்லை.

அரசாங்கங்களுக்கே இக்கதியென்றால், மலையகத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு என்ன என்று கேட்கலாம். மற்றெவரையும் விட நமக்கே இது பெரிய காரியம் என்பேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் இத்தனை ஆண்டு இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தோம் என்று காட்டவேண்டியிருந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. பிறந்ததையும் வேலை செய்ததையும் காட்டும் காகிதம் கையில் இல்லாதவர், உழைத்து ஓடாய்த் தேய்ந்திருந்தும், தம்மை நிரூபிக்கத் திண்டாடினார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்திலும் ஒரு திகதி இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவரும் அவர் வழித்தோன்றல்களும் பிரசைகள் என்பதே அச்சட்டம். அன்று முதல் இன்று வரை, நம் மக்களின் உரிமை காகிதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது.

அந்தக் காகிதமோ லயன் காம்பராவிலே தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. கினிகத்தேனைப் பக்கத்து மழையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரமும் பூஞ்சணமும் வீட்டுக்கு வீடு உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்ததையும், 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் உண்டாக்கிய மண்சரிவுகளையும் நாம் மறக்கவில்லை. உயிர் தப்பியவருக்கு மறுநாளே பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் தேவைப்படுகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது யாது? கணினி அறிந்தோர் 3, 2, 1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முக்கியமான ஒவ்வொன்றுக்கும் 3 பிரதிகள். அவை 2 வகைப் பொருள்களில். அவற்றுள் 1 வேறோர் ஊரில். ஓலையும் கல்லும் போலவே இதுவும். கைத்தொலைபேசியில் ஒன்று, கூகிள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று, கழற்றி வைக்கக்கூடிய ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஹார்ட் டிஸ்கை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். பிரதி எடுக்கும் நேரத்தில் மாத்திரம் கணினியிற் செருகி, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால் 2023இல் நடந்ததுதான் நடக்கும். பென் டிரைவ் கொண்டு செல்வதற்கு ஏற்றது. நெடுங்காலம் சேமிப்பதற்கு அதை நம்பக் கூடாது.

இளைஞர்கள் பலர் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். தொலைபேசியில் உள்ளது தானாகவே இணையத்திலும் தெரிகிறதே, அதுவே பிரதியல்லவா என்கிறார்கள். அன்று. அது கண்ணாடியில் தெரியும் முகம் போன்றது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஜிமெயிலில் குப்பைத் தொட்டிக்குப் போன கடிதம் 30 நாட்களின் பின் நிரந்தரமாகப் போய்விடும். 2 ஆண்டுகள் எட்டிப்பாராத தனியார் கணக்குகளை அழிக்கும் விதியையும் கூகிள் 2023 டிசெம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆதலால் ஆண்டுக்கு இருமுறையேனும் ‘டேக்அவுட்’ என்னும் வசதி மூலம் மின்னஞ்சல்கள் முழுவதையும் இறக்கி, தனி டிஸ்கிலே சேர்த்து வையுங்கள்.

எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்காத பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாயிருப்பது, தில்லை அறை பூட்டியிருக்கிறது என்று நிம்மதியாயிருந்ததற்குச் சமம். மூன்று மாதத்துக்கொரு முறை நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள டிஸ்குக்குக் கடவுச்சொல் இடுங்கள். மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். சங்கத்தின் கடவுச்சொல் செயலாளர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கலாகாது. அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனால் சங்கத்தின் வரலாறும் அவரோடு பஸ் ஏறிவிடும். அதை எழுதி, உறையிலிட்டு, பொருளாளரிடம் ஒப்படையுங்கள்.

இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கையில் நல்ல கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயன் லயனாகச் செல்லுங்கள். பெரியவர்களின் சம்மதத்தோடு, பிறப்பத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் உள்ள தாள், பிரசாவுரிமைச் சான்று ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுத்துக் கொடுங்கள். அப்படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆயினும் பத்திரம் தொலைந்தால், அதிலுள்ள இலக்கமும் திகதியும் கொண்டு பிரதேச செயலகத்தில் புதிய பிரதி கேட்பது எளிது. படங்களை அந்தந்தக் குடும்பத்துக்கே சேர்ப்பித்து, உங்கள் தொலைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள். பிறர் இரகசியம் நம்மிடம் தங்கலாகாது.

பெரியோர்களே, பிள்ளைகள் கேட்டு வரும்போது பெட்டியைத் திறந்து கொடுங்கள். ஆலயத் திருப்பணிக் கணக்கும், சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளும், முந்தைய மலர்களும் உங்கள் அலுமாரிகளில் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் அவ்வாறே மின்வடிவிற் சேர்த்து வைக்கிறது. நம் மலரும் அங்கே இடம்பெறலாம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் எத்தனை குடும்பங்களின் பத்திரங்களுக்குப் பிரதி எடுத்தோம் என்ற கணக்கைச் செயலாளர் தம் அறிக்கையிலே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.